பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு வந்தால்: முதல் ஓ.பி. சீட்டிலிருந்து மருந்து பிடிபடும் வரை

என் தம்பிக்கு பைபோலார். மனநிலை சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகத்துக்கு ஏறும், சில காலம் மனச்சோர்வில் இறங்கும் நோய் அது. இந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இரண்டே கால் வருடம் ஆனது. அதுவரை சீட்டில் 'டிப்ரஷன்' என்றுதான் எழுதியிருந்தது. மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மொட்டை மாடியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆறு மாதமாகப் படுக்கையை விட்டு எழாதவன் எழுந்துவிட்டானே என்று அம்மா கரூர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். அடுத்த பத்தாம் நாள் இரண்டு லட்சம் கடன் வாங்கிப் பழைய லோடு ஆட்டோ ஒன்றை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினான். அதன் பிறகு மறுபடியும் படுக்கை, முன்னைவிட மோசமாக.

எங்களுக்கு அன்று தெரியாதது இதுதான்: பைபோலாரில் வரும் மனச்சோர்வும் தனியாக வரும் மனச்சோர்வும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மருந்து மட்டும் வேறு. அதற்காக நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்று, வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கீழே வரும் மருந்துப் பெயர்கள் டாக்டரிடம் கேள்வி கேட்பதற்காக. கடையில் கேட்டு வாங்குவதற்கு அல்ல.

1. முதலில் இன்றைய ஆபத்தைப் பாருங்கள்

'நான் இல்லாம போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி' என்று சொல்கிறாரா? திடீரென்று பாஸ்புக், ஏ.டி.எம். கார்டை எல்லாம் உங்கள் கையில் ஒப்படைக்கிறாரா? அப்படியானால் கீழே உள்ளவற்றை அப்புறம் படிக்கலாம். இன்றே மருத்துவமனை. ராத்திரியானாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், 108 அழைக்கலாம். உடனே ஒருவரிடம் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயந்து நாங்கள் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. கேட்ட அன்றுதான் அவன் அழுதான், பேசினான். வீட்டில் உள்ள மாத்திரைகள் அத்தனையும், அப்பாவின் சுகர் மாத்திரை உட்பட, பூட்டிய பீரோவுக்குள் போகட்டும். தினம் ஒரு வேளைக்கு உண்டானதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

ஏற்கெனவே முயற்சி நடந்துவிட்டிருந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்க வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

2. இறக்கத்தை அல்ல, ஏற்றத்தை எழுதிக்கொண்டு போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். சோர்வில் இருப்பவர் டாக்டரிடம் சோர்வைத்தான் சொல்வார். நன்றாக இருந்ததாக அவர் நினைக்கும் நாட்களைச் சொல்லமாட்டார். நாமும் சொல்லமாட்டோம், ஏனென்றால் அதை நோயென்றே நினைத்திருக்கமாட்டோம். டாக்டர் கேட்காமல் விட்டால் அந்த விஷயம் அப்படியே புதைந்துபோகும்.

நான் பழைய பால் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வருடம் என்று எழுதினேன். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் இருந்த நாட்கள் உண்டா? பேச்சு நிற்காமல் ஓடியதா? கடன், திடீர் வியாபாரம், கேட்டவருக்கெல்லாம் பணம், சின்ன விஷயத்துக்குக் கைகலப்பு? அது எத்தனை நாள் நீடித்தது? எந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு? திருவிழா, கல்யாணம், கடன் பத்திரத் தேதி என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்து யோசித்தால் மாதம் ஞாபகம் வந்துவிடும். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் எழுதுங்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் 'சாமி வந்து' வீட்டை விட்டுப் போன கதையை எங்கள் வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. டாக்டர் அரை நிமிடம் பேனாவை நிறுத்தி யோசித்தது அந்த வரியைப் படித்தபோதுதான்.

அந்த நோட்டோடு ஒரு ஃபைல் போடுங்கள்: பழைய மருந்துச் சீட்டுகள் தேதி வாரியாக, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் காலி அட்டைகள், ஆதார் நகல். முந்தைய இடத்தில் சிகிச்சை விவரங்களைத் தர மறுத்தால், அதே 2017 சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அவற்றைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேளுங்கள்.

3. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். கவுன்சலர் உதவுவார், ஆனால் மருந்து எழுத முடியாது. நரம்பு டாக்டர் என்று நம்மூரில் பொதுவாகச் சொல்பவர் வேறு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் கூலி வீண். ஓ.பி. காலையில்தான். நாங்கள் ஏழரைக்குப் போய் வரிசையில் நின்றால் மருந்தும் வாங்கிக்கொண்டு பன்னிரண்டரைக்கு வெளியே வருவோம். சோர்வில் இருப்பவரை அவ்வளவு நேரம் நிற்க வைக்காதீர்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் அவரோடு மரத்தடியில் உட்காரட்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், வேலூரில் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகம், புதுச்சேரியில் ஜிப்மர், பெங்களூரில் நிமான்ஸ் ஆகியவை சிக்கலான நிலைமைக்கு. முதல் படியிலேயே அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

அரசு மருத்துவமனையில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். எங்கள் அனுபவத்தில் லித்தியம், வால்ப்ரோயேட், ஒலான்சபின் அங்கே கிடைத்தன. லுராசிடோனை வெளியே வாங்கினோம். தனியாரில் ஒவ்வொரு முறையும் 500 முதல் 800 ரூபாய் வரை ஃபீஸ் கொடுத்தோம். மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து பாதி விலைக்கும் கீழே கிடைத்ததுண்டு, ஸ்டாக் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

4. மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை

தைராய்டு குறைந்தாலே ஆள் சோர்ந்துபோவார். அதனால் தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். முதலில். கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கால்சியம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை. எடையும் இடுப்பளவும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் மருந்தால் ஏறியதா என்று பார்க்க அது வேண்டும். பெண்ணாக இருந்தால் கர்ப்பம் உண்டா என்பதையும், குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். மனநிலையைக் கட்டுக்குள் வைக்கக் கொடுக்கும் வால்ப்ரோயேட் கருவில் உள்ள குழந்தைக்குப் பெரிய ஊனத்தை உண்டாக்கக்கூடியது. சின்ன வயதுப் பெண்ணுக்கு அதை எழுதினால் 'இது தவிர வேறு இல்லையா டாக்டர்?' என்று கேட்பது உங்கள் கடமை.

5. டாக்டர் கையில் உள்ள மருந்துகள்

குவெட்டியாபின்: பைபோலார் மனச்சோர்வுக்கு அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று. இரவில் ஒரே வேளையாகக் கொடுப்பார்கள், சில நாட்களில் 300 மில்லிகிராம் வரை ஏற்றுவது வழக்கம். தூக்கம் அசத்தும், எடையும் சர்க்கரையும் ஏறலாம். முதல் வாரம் பைக் ஓட்ட விடாதீர்கள்.

லுராசிடோன்: எடை அவ்வளவாக ஏறாது. ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. குறைந்தது 350 கலோரி, அதாவது ஒரு முழுச் சாப்பாட்டோடு போட வேண்டும். ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் போதாது. பசியே இல்லாத மனச்சோர்வில் இது பெரிய கஷ்டம், நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை அதற்காகவே ஏழரைக்கு மாற்றினோம். சிலருக்குக் கால் ஓயாமல் ஆடும், உட்கார முடியாது. அதைப் 'பதட்டம்' என்று நினைத்துவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

லாமோட்ரிஜின்: மறுபடி மனச்சோர்வு வராமல் காப்பதில் இதன் பலம் அதிகம். மிக மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து: இரண்டு வாரம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, பிறகு 100, பிறகு 200. வால்ப்ரோயேட் கூடவே இருந்தால் அதிலும் பாதி. அவசரப்பட்டால் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வரலாம். முதல் எட்டு வாரத்தில் உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்து வந்தால் நேராக அவசரப் பிரிவு. அந்த எட்டு வாரமும் புது சோப்பு, புதுத் தைலம் எதுவும் வேண்டாம், இல்லாவிட்டால் தடிப்பு எதனால் வந்தது என்று தெரியாமல் குழம்புவீர்கள். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடராதீர்கள், முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும், அது இந்த மருந்தின் அளவைக் குறைத்துவிடும்.

ஒலான்சபினும் ஃப்ளூவாக்ஸெடினும் சேர்ந்த கூட்டு வேலை செய்யும், ஆனால் எடை கிடுகிடுவென்று ஏறும். காரிப்ரசின் என்று ஒன்றும் உண்டு.

மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பதில்தான் நாங்கள் விழுந்தோம். சிலருக்கு, மனநிலையைக் கட்டுக்குள் வைக்கும் மருந்தோடு சேர்த்து, கண்காணித்துக் கொடுப்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்வி: 'இது ஏற்றத்தைக் கிளப்பாமல் இருக்கக் கூட எந்த மருந்து இருக்கிறது டாக்டர்?'

6. லித்தியம்: நல்ல மருந்து, கவனம் வேண்டும்

தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் லித்தியத்துக்கு நிகரானது சொற்பம். விலையும் குறைவு, வெளியே வாங்கியபோது எங்களுக்கு மாதம் 200 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது, அதனால் ரத்தத்தில் அளவு பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பரிசோதனைக்கு எங்களுக்கு 450 முதல் 600 ரூபாய் ஆனது.

ரத்தம் எடுக்கும் நேரத்தில்தான் எல்லோரும் தவறுகிறோம். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் 12 மணி நேரம் இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம், காலை மாத்திரை அதற்குப் பிறகுதான். அம்மா வழக்கம்போல் எட்டு மணிக்கே மாத்திரையைக் கொடுத்துவிட்டார், அளவு 1.3 என்று வந்தது. எப்போது போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதால் பிழைத்தோம். இரண்டு நாள் கழித்துச் சரியாக எடுத்தபோது 0.7. பொதுவாக 0.6 முதல் 0.8 வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில், அளவை மாற்றும்போதெல்லாம், ஒரு வாரம் கழித்துப் பரிசோதனை. நிலைப்பட்ட பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கூடவே கிரியாட்டினின், டி.எஸ்.எச்., கால்சியம்.

கரூர் வெயிலில் லித்தியம் சாப்பிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி, உப்பில்லா விரதம், பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத நோன்பு எல்லாமே அப்படித்தான். விரதம் இருந்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். கால் வலி, பல் வலி என்று மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எடுத்துக் கொடுப்பார்கள், இரண்டும் லித்தியத்தை ஏற்றும். பாரசிட்டமால் பரவாயில்லை. சில பிரஷர் மாத்திரைகளும் ஏற்றும். தம்பியின் பர்ஸில் 'லித்தியம் சாப்பிடுகிறேன்' என்று எழுதிய அட்டை எப்போதும் இருக்கும்.

காபி டம்ளர் பிடிக்கும்போது விரல் லேசாக நடுங்குவது சகஜம். டம்ளரே தளும்பும் அளவுக்கு நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம், ஓயாத வாந்தி என்றால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாதா மாதம் மாத்திரையின் அட்டையையும் பாருங்கள். சாதாரண 300-உம் மெதுவாகக் கரையும் 400-உம் ஒன்றல்ல, எங்களுக்கு ஒரு முறை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

7. காத்திருக்கும் வாரங்கள்

'எத்தனை வாரத்தில் தெரியும், தெரியாவிட்டால் அடுத்தது என்ன?' முதல் நாளே இதைக் கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். குவெட்டியாபினில் ஒன்றிரண்டு வாரத்தில் லேசாகத் தெரியலாம். லித்தியத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம். லாமோட்ரிஜின் முழு அளவுக்கு வரவே ஆறு வாரம். இது தெரியாமல்தான் நாங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு டாக்டர் என்று நான்கு பேரை மாற்றினோம். எந்த மருந்துக்கும் அதன் நேரத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

இந்த வாரங்களில் தினமும் மூன்று விஷயம் குறித்தேன்: தூங்கிய மணி நேரம், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை, மாத்திரை போட்டது. முதலில் திரும்பியது சிரிப்பு அல்ல, குளியல். பிறகு, சோற்றில் உப்பு இல்லை என்று ஒரு நாள் சொன்னான். அதை நான் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். தூக்கம் திடீரென்று நான்கு மணி நேரமாகக் குறைந்து ஆள் மட்டும் உற்சாகமாக இருந்தால் பொங்கல் வைக்காதீர்கள். டாக்டருக்கு போன் போடுங்கள்.

8. கரண்ட் ட்ரீட்மென்ட் என்றால் பயப்படலாமா

சாப்பாடு, தண்ணீர் இறங்கவில்லை, சாகும் எண்ணம் விடவில்லை, மருந்து எதுவும் கேட்கவில்லை என்றால் இ.சி.டி., அதாவது மூளைக்கு மின்சாரம் செலுத்தும் இந்தக் கரண்ட் ட்ரீட்மென்ட் பற்றிப் பேசுவார்கள். நம் மனதில் இருப்பது சினிமாவில் பார்த்த கொடுமை. இன்று மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதைச் சட்டமே தடை செய்கிறது. பொதுவாக வாரம் இரண்டு மூன்றாக ஆறிலிருந்து பன்னிரண்டு முறை. முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு, ஒப்புதல் கையெழுத்து, கூட ஒருவர். அந்த நாட்களின் ஞாபகம் கொஞ்சம் மங்கலாம், பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும். லித்தியம் சாப்பிடுவதை மயக்க டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

9. தூக்கமும் பேச்சும்

மருந்தோடு பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடும். குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும் முறை எங்களுக்கு மிகவும் உதவியது, 'சோம்பேறி' என்ற சொல் அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் நின்றது. பைபோலாரில் தினசரி ஒழுங்குக்குத் தனி மதிப்பு உண்டு. எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. நைட் ஷிஃப்ட் கூடாது. முதலாளியிடம் நோயைச் சொல்ல விருப்பமில்லை என்றால், நோயின் பெயர் போடாமல் இரவு வேலை வேண்டாம் என்று மட்டும் டாக்டரிடம் கடிதம் கேட்கலாம். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்த் தங்க விரும்பினால் போங்கள், மாத்திரையோடு போங்கள். எத்தனை நாளோ அத்தனை நாளுக்கும் மூன்று நாள் கூடுதலாகவும் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

10. இன்சூரன்ஸும் சான்றிதழும்

உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஆனாலும் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், ஓ.பி. செலவு நம்முடையதே. புதிதாக எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள், பின்னால் க்ளெய்மை அதைக் காட்டியே தள்ளுவார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடலாம்.

நோய் நீண்டு வேலையைப் பாதித்தால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் மனநோயும் இருக்கிறது, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் சலுகைகள் வரும். ஃபோட்டோ, ஆதார், பழைய சிகிச்சைச் சீட்டுகள் போதும். தேறியிருக்கும் நாளில் மதிப்பீட்டுக்குப் போனால் 'நல்லாத்தானே இருக்கார்' என்று குறைத்துப் போடக்கூடும், அதனால் உங்கள் நோட்டையும் கொண்டு போங்கள்.

11. தேறிய பிறகு

ஆறாவது மாதம் எல்லோரும் 'இன்னும் எதுக்கு மாத்திரை?' என்பார்கள். நோயாளியும் அதையே கேட்பார். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டர் சொல்லி, குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்து மெதுவாகக் குறைக்க வேண்டும்.

நன்றாக இருக்கும் இந்த நாட்களில் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: மறுபடி வந்தால் முதல் அறிகுறி என்ன, யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, பணமும் ஏ.டி.எம். கார்டும் யாரிடம். சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமென்றால் முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று ஒரு ஏற்பாடும் உண்டு, தனக்காக முடிவெடுக்க உதவும் பிரதிநிதியையும் அவரே நியமிக்கலாம். எங்கள் தாளில் முதல் வரி தம்பியின் கையெழுத்தில் இருக்கிறது: 'நான் ராத்திரியில் மாடி கழுவினால் அக்காவை எழுப்பவும்.'